தாயும் இழுவை நாய், தகப்பனும் இழுவை நாய்

ஒஸ்லோவின் குரூருடாலன் பக்கம் இருக்கும் ஒரு தங்கச்சி சென்ற ஆகஸ்டில் ஒரு ஞாயிறு பின்னேரம் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, மூத்தவள் நாய்க்குட்டி வேணுமெண்டு ஒற்றைக் காலில நிக்கிறாள். நீங்கள்தானே நாயோட சீவிச்சனீங்கள். ஒருக்கால் வந்து கதைச்சுப் பாருங்கோ."

நாயோடு சீவித்தவன் என்ற பட்டம் எனக்குச் சும்மா வரவில்லை. 1980களின் கடைசியில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன தமிழ்ப் பெடியன்களில் நானும் ஒருவன். எங்கள் மேற்பார்வையாளரின் முற்றத்தில் பனியில் சறுக்குவண்டி இழுக்கும் பதினான்கு இழுவை நாய்கள் நின்றன. வேலை முடிந்ததும் அவற்றுக்கு மீன் கழிவு காய்ச்சி ஊற்றப் போய்ப் பழகியவன், ஒஸ்லோவுக்கு இறங்கி வந்த பிறகு சொந்தமாக ஒரு சைபீரியன் ஹஸ்கி வளர்த்தேன். பதினோரு வருடம். அதில் ஆறு வருடம் பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் கதை பின்னால் வரும்.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள்.

வீடு மூன்றாம் மாடியில், மூன்று படுக்கையறை. தகப்பன் பஸ் ஓட்டுகிறார், முறைமாற்று வேலை. தாய் வயோதிபர் இல்லத்தில். மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்கு ஒன்பது. கூடவே அம்மம்மா, வயது எழுபத்தாறு. விளம்பரத்தில் இருந்த குட்டிகள் 'அலஸ்கி': தகப்பன் அலாஸ்கன் மலமூட், தாய் சைபீரியன் ஹஸ்கி. "இரண்டு இனத்தின் நல்ல குணங்களும் சேர்ந்தது" என்று போட்டிருந்தது. ஒரு குட்டிக்கு ஒரு கண் நீலம், மற்றது மண்ணிறம். பிள்ளை விழுந்தது அந்தக் கண்ணில்.

ஆனால் அவள் கண்ணை மட்டும் பார்த்துக் கேட்கவில்லை, கணக்கும் வைத்திருந்தாள். "மாமா, ஹஸ்கி ஓடிப்போயிடும் எண்டு சொல்லுறாங்கள். மலமூட் சரியான பெரிசு எண்டு சொல்லுறாங்கள். ரெண்டையும் கலந்தா ரெண்டு பிரச்சினையும் பாதியாகும்தானே?"

நல்ல கேள்வி. பெரியவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்று அவளுக்குக் காட்ட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

முதலில் இரண்டு நாயையும் தனித்தனியே பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சவாரி மாடு வேறு, பாரவண்டில் மாடு வேறு. ஹஸ்கி சவாரி மாடு. வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள், லேசான சுமையை நெடுந்தூரம் வேகமாக இழுக்க வளர்த்தது. ஆண் நாய் 20 முதல் 27 கிலோ. மலமூட் பாரவண்டில் மாடு. அலாஸ்காவின் கொட்செபூ வளைகுடாப் பக்கத்து மாலெமூட் மக்கள், பாரத்தை மெதுவாக இழுக்க வளர்த்தது. ஆணுக்கு 38 கிலோ சாதாரணம், அதற்கு மேலும் போகும். இரண்டையும் சர்வதேச நாயினக் கூட்டமைப்பு 'நோர்டிக் இழுவை நாய்கள்' என்ற ஒரே பிரிவில் போட்டிருக்கிறது. ஒன்று சைபீரியா, மற்றது அலாஸ்கா, பெயரோ நோர்டிக். இந்த நாட்டுக்காரருக்கு அதில் ஒரு பெருமை.

இனி, இரண்டும் எதில் ஒத்துப்போகின்றன? இழுக்கும், ஊளையிடும், மண் தோண்டும். ஓடுகிற சின்ன உயிரைக் கண்டால் காது செவிடாகும். வருடத்தில் இரண்டு தரம் உள்மயிரைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கும். சொன்னதைக் கேட்பதற்கு முன் 'எனக்கு என்ன லாபம்' என்று யோசிக்கும். இவை தாயிடமும் இருக்கின்றன, தகப்பனிடமும் இருக்கின்றன. குட்டியில் பாதியாவதற்கு இடமே இல்லை. புளியோடு புளியைக் கலந்தால் புளிப்புக் குறையுமா?

வித்தியாசப்படும் இடங்களில்தான் கலப்புக்கு வேலை இருக்கிறது, ஆனால் அங்கே நடப்பது லொத்தர். ஹஸ்கி பொதுவாக மற்ற நாய்களோடு சேரும், வேலி பாயும். மலமூட், அதிலும் ஆண், தன் பாலைச் சேர்ந்த இன்னொரு நாயைப் பொறுக்காமல் போகலாம், சாப்பாட்டுக் கோப்பையைக் காவல் காக்கலாம். பாதி மரபணு இங்கிருந்து, பாதி அங்கிருந்து என்பது சரிதான். ஆனால் குணம் பாலும் தண்ணீரும் போலக் கலப்பதில்லை. நீலக் கண்ணையே பாருங்கள். ஹஸ்கியின் நீலக் கண்ணுக்குக் காரணம் ஏ.எல்.எக்ஸ்.4 என்ற மரபணுவுக்கு அருகே ஒரு துண்டு இரட்டிப்பாகி இருப்பதுதான் என்று 2018இல் கண்டுபிடித்தார்கள். ஒரு பிரதி கிடைத்தாலே கண் நீலமாகலாம். மலமூட் இனத் தரத்தில் நீலக் கண் விலக்கப்பட்ட குறை. இரண்டும் கலந்தபோது குட்டிக்கு இளநீலக் கண்கள் வரவில்லையே, ஒன்று முழு நீலம், மற்றது முழு மண்ணிறம். நாற்பது கிலோ உடம்பும் வேலி பாயும் புத்தியும் ஒரே நாய்க்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளையைக் கேட்டேன். யோசித்தாள். "அப்ப நான் ஸ்ட்ரோங்காக வேணும்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது, ஆனால் முடிவை அதை வைத்து எடுக்க முடியாது.

கலப்பே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வடக்கே ஆல்டாவில் 1981 முதல் நடக்கும் ஃபின்மார்க்ஸ்லூபே என்ற நாய்ச் சறுக்குவண்டி ஓட்டத்துக்குப் போனால் தெரியும், நீண்ட தூரம் ஓடுபவற்றில் பெரும்பாலானவை 'அலாஸ்கன் ஹஸ்கி'. அது ஓர் இனமே இல்லை. வேகம், பாதம், பசி ஆகியவற்றைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கலந்த கலப்பு. ஆனால் அங்கே கலப்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும். வேலைக்கு ஒத்துவராத நாயிலிருந்து குட்டி எடுக்கவும் மாட்டார். விளம்பரக் குட்டிக்குப் பின்னால் அப்படி யாராவது இருக்கிறாரா என்று பார்க்கத்தான் செப்டெம்பரில் ஹாமர் நகரம் தாண்டி ஒரு பண்ணைக்கு நாங்கள் ஐந்து பேரும் காரில் போனோம்.

விற்பவர் நேர்மையான மனிதர். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். அவர் திட்டம் போட்டுக் கலக்கவில்லை. பருவத்துக்கு வந்திருந்த ஹஸ்கி, வேலிக்குக் கீழே கிடங்கு தோண்டி மலமூட்டின் அடைப்புக்குள் போய்விட்டது. தகப்பன் நாயைக் காட்டச் சொன்னோம். தூரத்தில் தனி அடைப்பில் நின்றது, மற்ற ஆண் நாய்களோடு விட முடியாதாம். தாய் எங்கள் எல்லோர் மேலும் ஏறி நக்கியது. எனக்கு இந்தக் காட்சியே போதும்: தோண்டித் தப்பிய தாய், தனியே பூட்டிய தகப்பன். பிள்ளைக்குப் போதவில்லை. ஒற்றை நீலக்கண் குட்டி அவள் சப்பாத்து மேல் படுத்து நித்திரையாகிவிட்டது.

அப்புறம் நோய்கள் பற்றிக் கேட்டேன். 'கலப்பு நாய்க்கு வருத்தம் வராது' என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களிடமும் உண்டு. அதில் ஒரு பகுதி உண்மை. மலமூட்டுக்குப் பரம்பரையாக வரும் நரம்பு நோய் ஒன்று நோர்வேயில்தான் 1970களின் கடைசியில் கவனிக்கப்பட்டது. இளம் நாயின் பின்னங்கால் தள்ளாடும், குரைப்பு மாறும். அதற்குக் காரணமான மரபணுப் பிழையை 2013இல் கண்டார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய். தாய்வழி ஹஸ்கியிடம் அது இல்லாவிட்டால் குட்டி தப்பும். இங்கே கலப்பு உதவுகிறது.

ஆனால் ஹஸ்கிகளில் விழித்திரை தேயும் நோய் ஒன்று எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. ஆண் குட்டிக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து. தாய் அந்தப் பிழையைக் காவினால், தகப்பன் எந்த இனமாக இருந்தாலும் ஆண் குட்டிகளில் பாதிக்கு அது போகலாம். நீலக்கண் குட்டி ஆண். இதைவிட, துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாமல் மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் தோல் பொருக்கு வெடிக்கும் நோய், மிருக வைத்தியர்கள் முதலில் சந்தேகப்படுவதே இந்த இரண்டு இனங்களில்தான். இரண்டு பக்கமும் உள்ளதைக் கலப்பு எப்படிப் போக்கும்? இடுப்பு மூட்டுப் படம் எடுத்தீர்களா, கண் பரிசோதித்தீர்களா, மரபணுச் சோதனை செய்தீர்களா என்று கேட்டேன். எதுவும் இல்லை. வேலிக்குக் கீழே நடந்த கலியாணத்துக்கு யார் சாதகம் பார்த்தது?

சட்டப் பக்கத்தில் பெரிய தடை இல்லை. நோர்வேயில் ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை எந்த நாயையும் கயிற்றில்தான் பிடிக்க வேண்டும். மேயும் ஆடு, கலைமான், காட்டு விலங்கின் குட்டிகளுக்காக வந்த விதி. ஆட்டையோ கலைமானையோ நாய் தாக்கும்போது வேறு வழியில்லை என்றால் அந்த ஆட்டின் அல்லது கலைமானின் சொந்தக்காரர் நாயைக் கொல்லவும் நாய்ச் சட்டம் இடம் தருகிறது. இந்த வகை நாய்க்கு என்னைக் கேட்டால் வருடம் முழுக்கக் கயிறுதான். ஓநாய்க் கலப்பு இங்கே தடை. அலஸ்கி ஓநாய்க் கலப்பில்லை, ஆனால் பார்ப்பவருக்கு அப்படித் தெரியும், ஆகவே தாய் தகப்பன் இன்னதென்று காட்டும் தாள் கையில் இருப்பது நல்லது. சென்னையிலிருந்து தகப்பனின் தமையன், "இங்க ஹஸ்கி, மலமூட் ரெண்டையும் இனப்பெருக்கம் செய்ய 2024லேயே அரசாங்கக் கொள்கையில தடை போட்டாச்சு, உங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டாராம். அங்கே வெயில் காரணம். குரூருடாலனில் வெயில் பிரச்சினை இல்லை என்று சொல்லி வைத்தேன், அதுவும் யூலையில் முழு உண்மை இல்லை.

பேசிப் பேசி முடிவு வராது என்று தெரிந்ததும் ஒரு வழி சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி லில்லஸ்ட்ரோமில் இதே கலப்பில் நாலு வயது ஆண் நாய் வைத்திருக்கிறார்கள், 34 கிலோ. ஒக்டோபரில் பத்து நாள் வெளிநாடு போக இருந்தார்கள். அந்தப் பத்து நாளும் நாய் இவர்கள் வீட்டில் நிற்கட்டும். ஒரு கொப்பியில் யார், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், என்ன நடந்தது என்று எழுதட்டும். பிள்ளை உடனே ஒத்துக்கொண்டாள்.

அந்தக் கொப்பி என் முன்னால் இருக்கிறது. முதல் நான்கு நாளும் காலை 5.45, மகளின் எழுத்து, 60 நிமிடம், 65, 60, 50. ஐந்தாம் நாள் காலை தாயின் எழுத்து. அன்றுதான் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், முதல் உறைபனி விழுந்த சரிவில், நாய் ஒரு பூனையைக் கண்டது. தாய் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். கை மணிக்கட்டு சுளுக்கி ஒரு கிழமை வேலைக்குப் போகவில்லை. கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, இடுப்புப் பட்டியில் கொழுவ வேண்டும் என்று நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பிழை என்னுடையது. பூனை என்றதும் என் பழைய கதையும் வந்துவிட்டது: என் ஹஸ்கி இரண்டு நிமிடம் கயிறில்லாமல் நின்ற ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டுப் பூனையைக் கொன்றது. கோபத்தில் இல்லை, பசியில் இல்லை. ஓடியது, பிடித்தது. கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யன்னலில் நின்றது.

இரண்டாம் நாள் குறிப்பு: "11.00 – 13.00 தனிய. ஊளை." கீழ்மாடிக்காரர் படிக்கட்டில் ஒட்டிய துண்டும் கொப்பியில் செருகியிருக்கிறது. மரியாதையான துண்டுதான், 'நாய் கவலையாக இருக்கிறது போல' என்று தொடங்குகிறது. இந்த நாய்கள் அதிகம் குரைப்பதில்லை. ஆனால் தனியே விட்டால் பாடும், அந்தப் பாட்டு மூன்று மாடிக்குக் கேட்கும். நகை வைத்திருக்கும் வீட்டுக்குக் காவல் என்றும் தகப்பன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. கள்ளன் வந்தால் இது வாலை ஆட்டி அலுமாரியைக் காட்டும் என்றேன்.

அம்மம்மாதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். முதல் நாள் "உது ஓநாய். சாமி அறைப் பக்கம் வரக்கூடாது" என்று கதவைச் சாத்தியவர், மூன்றாம் நாள் "வைரவற்றை வாகனம்தானே" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாலாம் நாள் கோழிக்கறிச் சோறு வைத்துவிட்டார். நல்லவேளை மகள் கண்டு எடுத்துவிட்டாள். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். எங்கள் வீடுகளில் நாயைக் கொல்ல நஞ்சு தேவையில்லை, மிச்சக் கறி போதும். அம்மம்மா அதற்குப் பிறகு வெறும் சோறும் அவித்த மீனும் தனியாக வைத்தார். உதிரும் மயிருக்கு மட்டும் அவரிடம் மன்னிப்பு இல்லை. "புட்டுக்குள்ள தேங்காய்ப் பூவோ நாய் மயிரோ எண்டு தெரியேல்லை" என்று கொப்பியில் பேரனைக் கொண்டு எழுதுவித்திருக்கிறார்.

ஆறாம் நாளிலிருந்து இரவு 10.30க்கு ஒரு புதிய எழுத்து. தகப்பன். ஆரம்பத்தில் 'வேண்டவே வேண்டாம்' என்று நின்றவர் அவர்தான். பஸ் ஓடி முடிந்து வந்து, இடுப்புப் பட்டி கட்டி, காட்டு விளிம்பால் நாயோடு நடந்திருக்கிறார். 70 நிமிடம், 80 நிமிடம், ஒருநாள் 105. குறிப்பு இடத்தில் ஒன்றும் எழுதவில்லை, ஒரே ஒரு நாள் "நிலவு" என்று மட்டும்.

கூட்டிப் பார்த்தோம். நாய் அமைதியாகப் படுத்த நாட்களில் எல்லாம் மொத்த நடை இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒன்றரை மணிக்குக் குறைந்த இரண்டு நாட்களில் ஒன்றில் சோபாவின் கை போனது, மற்றதில் ஒரு சப்பாத்து. பத்து நாள் ஓட்டத்தில் மகளின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பரீட்சை இருந்தது. பதினான்கு வயதில் வாங்கும் குட்டிக்கு அவள் இருபதைத் தாண்டும்போதும் பாதி ஆயுள் மிச்சமிருக்கும், அவள் எந்த ஊரில் படிப்பாளோ.

முடிவு எடுத்த அன்று நான் அதிகம் பேசவில்லை. பிள்ளைதான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த நாய் நல்ல நாய். ஆனா இது எப்படி எண்டு எங்களுக்குத் தெரியும். குட்டி எப்படி வரும் எண்டு தெரியாது" என்றாள். நான் சொல்லித் திரிந்ததை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அந்தச் சமயம் அவள் பள்ளிக்கூடத்தில் நோர்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். 1911இல் தென்துருவத்துக்கு 52 கிரீன்லாந்து நாய்களோடு புறப்பட்டு, முகாமுக்கு 11 நாய்களோடு திரும்பிய கதை. மற்றவற்றை வழியில் கொன்று, மற்ற நாய்களுக்கும் ஆட்களுக்கும் சாப்பாடாக்கினார்கள், அது முன்கூட்டியே போட்ட திட்டம். அதை வாசித்துவிட்டு அழுதவள், "நாய் என்னத்துக்கு எண்டு தெரியாம வாங்கக் கூடாது, தெரிஞ்சு வாங்கினாலும் அவங்கள் மாதிரி இருக்கக் கூடாது" என்றாளாம். தாய் சொன்னது.

நீலக்கண் குட்டி வேறு வீட்டுக்குப் போனது. யார் வாங்கினார் என்று கேட்கவில்லை.

நான் அவர்களிடம் விட்டுவந்த யோசனை ஒன்றுதான். லொத்தர் குட்டியில்தான் இருக்கிறது. வளர்ந்த நாயில் சீட்டு ஏற்கெனவே இழுத்தாயிற்று. ஆறேழு வயது நாயின் எடை தெரியும், இடுப்பு தெரியும், எத்தனை மணி நேரம் தனியே நிற்கும், யாரைப் பிடிக்காது என்பதெல்லாம் தெரியும். கடைசி நாலைந்து வருடத்தைத்தான் வாங்குகிறோம் என்பது அதன் விலை. அந்த விலை சின்ன விலை இல்லை, நான் என் நாயைக் கடைசி ஊசிக்குக் கொண்டுபோனவன்.

பெப்ரவரியில் அப்படி ஒன்று வந்தது. ஏழு வயதுப் பெட்டை, இதே கலப்பு, 26 கிலோ. வைத்திருந்த பெண்ணுக்கு முதுகு அறுவைச் சிகிச்சை. இடுப்புப் படம் எடுத்திருந்தார், கண் பரிசோதனைத் தாள் இருந்தது. மூன்று மணி நேரம் தனியே நிற்கும், வேறு பெட்டை நாய் ஆகாது, அம்புலன்ஸ் சத்தத்துக்குக் கூடப் பாடும் என்று ஒரு பக்கம் எழுதியே தந்தார். குடும்பம் ஒரு மாதம் தவணை கேட்டு எடுத்தது. தவணை முடிந்தும் நாய் நிற்கிறது. தகப்பன் இரவு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். கீழ்மாடிக்காரர் இன்னொரு துண்டு ஒட்டினார், அம்புலன்ஸ் பற்றி. தாய் வடை சுட்டுக்கொண்டு போய்க் கதைத்துவிட்டு வந்தாள். பூனையைக் கண்டால் இதுவும் பாயும், ஆகவே எல்லோருக்கும் இடுப்புப் பட்டி.

தாளில் நாய்க்கு நோர்வேஜியப் பெயர். அம்மம்மா வைத்த பெயர் வைரவி. கொப்பி எழுதும் பழக்கம் விடவில்லை. போன கிழமை போனபோது எடுத்துப் பார்த்தேன், கடைசி வரி அம்மம்மாவின் கையெழுத்து, தமிழில்: "காலமை 5.40. மருமகனும் நானும். 25 நிமிசம். முயல் ஒண்டு. ஒருத்தரும் விழேல்லை."